சுவரில் படிந்த வெள்ளை

முதுகில் பம்பு, கையில் நீளக் குழாய். சட்டி பானைகளை முற்றத்தில் இறக்கி வைக்கச் சொல்லிவிட்டு, களிமண் சுவரில் மேலிருந்து கீழாக அடித்துக்கொண்டே போவார்கள். காய்ந்ததும் மெல்லிய வெள்ளை ஒன்று சுவரில் தங்கிவிடும். நுளம்பு வந்து அதில் குந்தினால் செத்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு இலங்கையின் மலேரியாக் கிராமங்களுக்குள் டி.டி.ரி. இப்படித்தான் புகுந்தது.

அதன் பிறப்பு 1874. ஒத்மார் சைட்லர் என்ற மாணவர் ஆய்வுகூடத்தில் உண்டாக்கிவிட்டு, எதற்கு உதவும் என்று தெரியாமலே விட்டுவிட்டார். 65 வருடத் தூக்கத்துக்குப் பிறகு, 1939இல் சுவிற்சர்லாந்தின் போல் முல்லர் அது பூச்சிகளைக் கொல்வதைக் கண்டார். 1948இல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு.

இலங்கை அதை இரு கையாலும் வாங்கியதில் வியப்பில்லை. 1934–35 மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேரைப் புதைத்த நாடு இது. 1946இல் 28 லட்சம் அளவிலிருந்த நோயாளர் தொகை 1963இல் வெறும் 17. அந்த 17ஐ மறந்துவிட்டு டி.டி.ரி.யைத் திட்டுவது நன்றிகெட்ட வேலை.

ஆனால் இந்த வெள்ளைக்கு ஒரு குணம் உண்டு: தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். சேற்றோடு ஒட்டிக் கிடந்து, புழுவுக்குப் போய், மீனுக்குப் போய், உண்பவரின் கொழுப்பில் பல வருடம் குடியிருக்கும். மார்பில் இருப்பதில் பெரும்பங்கு கொழுப்பு. அங்கிருந்து தாய்ப்பாலுக்கும் வழி இருக்கிறது.

அமெரிக்க எழுத்தாளர் ரேச்சல் கார்சன் 1962இல் இதையெல்லாம் ஒரு புத்தகமாக எழுதினார். 1964இல் மார்பகப் புற்றுநோயோடு இறந்தார். அதே ஆண்டு இலங்கையில் தெளிப்பு நின்றது. அவர் புத்தகத்துக்குப் பயந்து நிறுத்தினார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. பிழை. நோய் ஒழிந்துவிட்டது என்ற மிதப்பில் நிறுத்தினார்கள். சில வருடத்தில் மலேரியா லட்சக்கணக்கில் திரும்பிற்று. மீண்டும் அடித்தபோது நுளம்பு பழகிப்போயிருந்தது. அதற்குப் பதிலாக மலத்தியோன் என்ற வேறொரு பூச்சிக்கொல்லி வந்தது, 1976இல் டி.டி.ரி. தடையானது.

அதன் அடுத்த தடயம் கலிபோர்னியாவில். 1959 முதல் 1967 வரை ஓக்லண்ட் பகுதித் தாய்மாரிடம் எடுத்த இரத்தத்தை உறையவைத்திருந்தார்கள். ஆய்வாளர் பார்பரா கோனின் குழு அதை எடுத்து அளந்தது. டி.டி.ரி. பரவத் தொடங்கிய 1945இல் 14 வயதுக்குக் கீழ் இருந்தவர்களில், இரத்தத்தில் அது மிகுந்திருந்தோருக்கு 50 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் ஆபத்து, குறைவாக இருந்தோரைவிட ஏறத்தாழ 5 மடங்கு என்று 2007இல் எழுதினார்கள். 2015இல் அந்தத் தாய்மாரின் மகள்மாரைப் பார்த்தார்கள். கருவிலேயே அதிகம் பட்டவர்களுக்கு ஏறக்குறைய 4 மடங்கு. வளர்ந்த பெண்களின் இரத்தத்தை மட்டும் அளந்த ஆய்வுகள் பலவற்றில் ஒன்றும் அகப்படவில்லை. எந்த வயதில் பட்டது என்று கேட்டபோதுதான் விடை வந்தது.

இன்றைக்கு மட்டக்களப்பின் படுவான்கரை வயல் வட்டைகளில் அடிப்பது வேறு சரக்கு. டி.டி.ரி. போலப் பரம்பரைக்குத் தங்காது. மார்பகப் புற்றுநோயோடு அவற்றைச் சேர்த்துச் சொல்ல அவ்வளவு சான்றும் இல்லை. ஆனால் நாங்கள் வைத்த பெயர்களைப் பாருங்கள்: பூச்சிக்கு 'மருந்து', களைக்குப் 'புல்லெண்ணெய்'. மருந்துக்கும் எண்ணெய்க்கும் யார் பயப்படுவார்கள்? ஆனால் பயந்து கையாளவேண்டிய சரக்கு அது. வெறும் போத்தலை மூன்று தரம் அலசி, அந்தத் தண்ணீரைத் தாங்கிக்குள்ளேயே ஊற்ற வேண்டும். வாய்க்காலில் அலசினால் அது வாவிக்குத்தான் போகும். கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துக் கிடக்கும்போது அங்கிருந்து கடலுக்கும் வழியில்லை.

அடித்துவிட்டு வந்தவரின் சாரமும் சேட்டும் தனி வாளியில், தனியாகத் துவைக்கப்படவேண்டும். இங்கே அவை கிணற்றடியில் மற்ற உடுப்புகளோடு சேர்ந்து கிடக்கின்றன. பள்ளிக்கூடத்தால் வந்த மகள் புத்தகப்பையை வைத்துவிட்டு முதலில் எடுப்பது அந்தக் குவியலைத்தான்.