பொன் போயிற்று, பெயர் நின்றது

ஒன்பதாம் ராம்செஸ் ஆட்சியின் 16ஆம் ஆண்டில், அதாவது கி.மு. 1110ஐ ஒட்டி, எகிப்தின் தீப்ஸ் நகரில் ஒரு கல்லறைத் திருட்டு வழக்கு நடந்தது. அமென்பனேஃபர் என்ற கல்தச்சன் தந்த வாக்குமூலம் பாப்பிரஸ் சுருளில் இன்றும் கிடைக்கிறது. கூட்டாளிகளோடு சோபெக்எம்சாஃப் மன்னரின் கல்லறையைக் குடைந்து நுழைந்தது, மன்னர் உடலிலும் அரசி உடலிலும் கிடந்த பொன்னைக் கழற்றியது, சவப்பெட்டிகளுக்குத் தீ வைத்தது, கிடைத்த 160 தெபென் பொன்னை, ஏறத்தாழ 14.5 கிலோவை, எட்டுப் பங்காகப் பிரித்தது எல்லாம் அதில் உண்டு. பிடிபட்டதும் தன் பங்கு 20 தெபெனை ஓர் அரசு எழுத்தருக்குக் கொடுத்து வெளியே வந்து, பழைய தொழிலுக்கே திரும்பியதையும் அவன் மறைக்கவில்லை. இதைப் படிப்பவர்கள் பலர், மறுமையும் மம்மியும் அரண்மனை ஆடம்பரம், சாமானிய எகிப்தியனுக்கு அதில் நம்பிக்கையே கிடையாது என்று தீர்த்துவிடுகிறார்கள். அது அவசரத் தீர்ப்பு.

நம்பிக்கை உள்ளவன் திருடமாட்டான் என்பது எந்த நாட்டிலும் மெய்ப்பட்ட கணக்கு அல்ல. எகிப்தில் அந்த நம்பிக்கையே பாவிக்கும் ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. உடலை நாட்ரான் உப்பில் உலர்த்தித் துணி சுற்றி அடக்கம் செய்ய வழக்கமாக 70 நாட்கள். மூளையை வேண்டாத பொருளாக எறிந்துவிட்டு, இதயத்தை மட்டும் உடலுக்குள்ளேயே விட்டுவைப்பார்கள். மறுமையின் நீதிபதியான ஒசிரிஸின் மண்டபத்தில், உண்மைக்கும் நீதிக்கும் தெய்வமான மாஅத்தின் இறகுக்கு எதிராக நிறுக்கப்படுவது அதுதான். கல்லறையில் உடன் வைக்கும் மந்திரத் தொகுப்பான இறந்தோர் நூலின் 125ஆம் பகுதி, 42 தெய்வங்களின் முன் இறந்தவர் மறுக்கவேண்டிய குற்றங்களை வரிசைப்படுத்துகிறது. இறந்தோருக்குப் படைத்ததைக் கவர்வதும் அதில் ஒன்று. ஆனால் தன் இதயம் தனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதிருக்கவும் அதே நூலில் மந்திரம் உண்டு. பெயருக்கு மட்டும் இடம் விட்டு முன்கூட்டியே எழுதி வைத்த பிரதிகளும் கிடைத்துள்ளன. வாங்கியவர் பெயரை நிரப்பினால் போதும். அமென்பனேஃபர் போன்றவன் மறுமையை நம்பிக்கொண்டே திருடியிருக்க முடியும்.

இதைவிட வலுவான சான்று பூசாரிகளிடம் இருக்கிறது. 21ஆம் வம்சக் காலத்தில், அமுன் கோயில் தலைமைப் பூசாரிகளின் ஆட்கள் அரசர் பள்ளத்தாக்கின் கல்லறைகளைத் தாங்களே திறந்தார்கள். உடல்களைப் புதுத் துணியில் சுற்றி, பெயரையும் தேதியையும் மையால் எழுதி, சில மறைவிடங்களில் கொண்டுபோய் அடுக்கினார்கள். டெய்ர் எல்-பஹ்ரி மலைக்குழியில் 1881இல் வெளிப்பட்டது அப்படி ஒரு மறைவிடம். இரண்டாம் ராம்செஸும் முதலாம் சேத்தியும் அங்கேதான் கிடந்தார்கள். அவர்களோடு பொன் எதுவும் பேருக்குக்கூட இல்லை. திருடர்கள் விட்டுவைத்ததைப் பூசாரிகள் கருவூலத்துக்குக் கொண்டுபோனார்கள் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது. நூபியச் சுரங்கங்கள் கைநழுவி, தானிய விலை ஏறி, நாடு இரண்டு அதிகாரங்களாகப் பிரிந்திருந்த காலம் அது.

அப்படியானால் பக்தி வெறும் போர்வைதானே என்று கேட்கலாம். பொன் மட்டுமே குறியென்றால் மிச்ச வேலை எதற்கு? ஆறாம் ராம்செஸின் உடலைத் திருடர்கள் கோடரியால் துண்டாடியிருந்தார்கள். பூசாரிகள் அந்தத் துண்டுகளை ஒரு பலகைமேல் மனித வடிவாக வைத்துக் கட்டினார்கள். அவசரத்தில் வேறு யாருடைய கையோ அதில் சேர்ந்துவிட்டது. காசு தராத இந்த உழைப்புக்கு நம்பிக்கையைத் தவிர வேறு காரணம் காட்டுவது கடினம். வாழ்வு தொடர உடலும் பெயரும் போதும், பொன் இல்லாமலும் ஆகும் என்று நெருக்கடி அவர்களைத் தரம்பிரிக்க வைத்தது.

மெர்நெப்தா மன்னரின் கதை இதை இன்னும் தெளிவாக்கும். அவருடைய கருங்கல் பேழை ஒன்றை வடக்கே தானிஸ் நகருக்குக் கொண்டுபோய், அதில் முதலாம் சூசென்னெஸ் மன்னரை அடக்கம் செய்தார்கள். மெர்நெப்தாவின் உடலோ இரண்டாம் அமென்ஹோதெப் கல்லறையில், செத்நக்த் மன்னரின் சவப்பெட்டியில் வைக்கப்பட்டது. பேழை ஒருவருக்கு, பெட்டி இன்னொருவருடையது; துணிமேல் எழுதிய பெயர் மட்டும் அவருடையது. 1898இல் அந்த உடலைக் கண்டெடுத்த தொல்லியலாளர் விக்டர் லோரே அந்தப் பெயரை அக்கெனாத்தன் என்ற வேறொரு மன்னருடையதாகத் தவறாகப் படித்தார். பிற அறிஞர்கள் திருத்தி மெர்நெப்தா என்று நிறுவியதும் அந்த மை எழுத்தை வைத்துத்தான்.