ஊட்டிவிட்ட கை

போன வருஷம் வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை மதியம் பாட்டிக்கு நான்தான் கஞ்சி ஊட்டிவிடுவேன். ஈப்போவில் ஒரு பராமரிப்பு இல்லம், அறைக்கு ஆறு கட்டில். பாட்டி முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். காண்டா வாளி தூக்கிய தோள் இன்னும் ஒரு பக்கம் சரிந்தே இருக்கும். டிமென்ஷியா வந்த பிறகு முதலில் என் பெயர் போனது, அப்புறம் அம்மாவின் பெயர். ஊட்டும்போது மட்டும் வாயைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். "பேரன்னா இப்படி இருக்கணும்" என்று பக்கத்துக் கட்டில் பாட்டி சொல்வார். எனக்கும் பெருமைதான்.

ஒருநாள் அங்கே வேலை செய்யும் இந்தோனேசியப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பியார் டியா மாக்கான் செண்டிரி, டிக்." அவரே சாப்பிடட்டும், விடுங்க தம்பி. மற்ற நாட்களில் பாட்டி தானே கரண்டி பிடித்துத்தான் சாப்பிடுகிறாராம். ஞாயிறு நான் வந்துபோனால் திங்களும் செவ்வாயும் கரண்டியைத் தொடாமல் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறாராம்.

கோபம் வந்தது. இவங்க யார் எனக்குச் சொல்ல? வீட்டுக்கு வந்து, அவர் சொன்னது தப்பு என்று நிரூபிக்கத்தான் தேட ஆரம்பித்தேன். நான் மெக்கானிக்கல் இன்ஜினியர், மருத்துவம் தெரியாது. ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஏறக்குறைய தொண்ணூறு வருட வரலாறு இருந்தது.

1935. லண்டனின் மேற்கே ஐல்வர்த் என்ற இடத்தில், வறியோர் சட்டக் காலத்து நோயாளர் விடுதி ஒன்றைப் பக்கத்திலிருந்த வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை எடுத்துக்கொள்கிறது. மார்ஜரி வாரன் என்ற மருத்துவரிடம் 700க்கும் மேற்பட்ட நாட்பட்ட நோயாளிகள் ஒப்படைக்கப்படுகிறார்கள். பெரும்பாலும் கிழவர்கள், கிழவிகள். பக்கவாதம் வந்தவர், எலும்பு முறிந்தவர், புத்தி பேதலித்தவர், போக இடமில்லாதவர் எல்லாரும் ஒரே வார்டில் வருஷக்கணக்காகப் படுத்தே கிடந்தார்கள். வாரன் செய்த முதல் காரியம் ரொம்பச் சாதாரணமானது. ஒவ்வொருவரையும் பரிசோதித்தார். நோயால் படுத்தவர்களோடு, படுக்க வைத்ததால் நோயாளி ஆனவர்களும் நிறையப் பேர் இருந்தார்கள். அசையாத மூட்டு இறுகிவிடுகிறது, தசை வற்றிவிடுகிறது. சுவருக்கு வெளிச்சமான வண்ணம் அடித்தார், நல்ல நாற்காலிகள் போட்டார், பயிற்சி கொடுத்து எழுப்பினார். பலர் நடந்தார்கள், சிலர் வீட்டுக்கே போனார்கள். 1943இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதை எழுதினார். முதியோர் மருத்துவம் என்று இன்று தனித் துறையாக இருப்பது பெருமளவு அங்கிருந்து கிளைத்ததுதான்.

ஆனால் எனக்கு உறுத்திய இடமும் அங்கேயே இருந்தது. வாரன் நோயாளிகளை வகை பிரித்தார். அந்தப் பட்டியலின் கடைசியில், மனம் சிதைந்த முதியவர்கள் தனியாகப் பிரித்து வைக்கப்பட வேண்டியவர்கள். நடக்க வைக்கலாம் என்ற நம்பிக்கை என் பாட்டி மாதிரி ஆட்களின் வாசலில் வந்து நின்றுவிட்டது.

அந்த வாசலைத் தாண்ட இன்னும் ஒரு தலைமுறை ஆனது. 1971இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா முதியோர் மையத்தில் எலைன் பிராடி, பவல் லாட்டன் முதலியோர் மனத்திறன் குன்றிய மூதாட்டிகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்கள் அளக்க முயன்றது, நோய் எடுத்துக்கொண்டதற்கு மேலே சேர்ந்துகொண்ட இயலாமையை. மூளைச் சேதத்தை வைத்துப் பார்த்தால் இவரால் இவ்வளவு முடிய வேண்டும், ஆனால் அதைவிடக் குறைவாகத்தான் செய்கிறார். இடையில் இருக்கும் அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? ஆளுக்கு ஆள் தனியாகக் கவனித்தபோது அது குறையவும் செய்தது.

எங்கள் ஆலையில் ஒரு வேலைக்கு இரண்டு பம்ப் இருந்தால் வாரம் ஒரு தடவை மாற்றி ஓட்டுவோம். சும்மா நிறுத்தி வைத்த பம்பில் பேரிங் கெட்டுவிடும், சீல் ஒட்டிக்கொள்ளும். அவசரத்துக்குச் சுவிட்சைப் போட்டால் சுற்றாது. இதை அம்மாவிடம் சொன்னேன். "எங்கம்மா உனக்குப் பம்பா?" என்று கேட்டார்.

சரி, செய்யவிட்டால் முடியும். அப்படியானால் ஏன் செய்யவிடுவதில்லை? எல்லா இல்லங்களிலும் ஒரே பதில்தான், நேரம். ஒரு சட்டையை நானே போட்டுவிட்டால் இரண்டு நிமிஷம், அவரைப் போடவைத்தால் அரைமணி என்ற கணக்கு. 1997இல் கார்னீலியா பெக்கும் குழுவினரும் பராமரிப்பு இல்லங்களில் இந்தக் கணக்கையே சோதித்துப் பார்த்தார்கள். துணிகளை உடுத்தும் வரிசையில் அடுக்கி வைப்பது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு வார்த்தைக் கட்டளை. புரியவில்லையா, செய்து காட்டு. அதுவும் போதவில்லையா, கையோடு கை வைத்து நகர்த்து. அதற்கும் பிறகுதான் நீயே செய். பெரும்பாலானவர்கள் முன்பைவிடத் தாங்களாகவே உடுத்தினார்கள், ஊழியர்களுக்கு ஆன நேரமும் பெரிதாகக் கூடவில்லை.

அதே 1997இல் இங்கிலாந்தின் பிராட்ஃபர்டிலிருந்து டாம் கிட்வுட் எழுதிய புத்தகம் வந்தது. மறதிநோயாளியின் ஆளுமையைச் சுற்றியிருப்பவர்கள் அரித்துவிடும் 17 வழிகளை அதில் அடுக்குகிறார். அவரால் தாங்க முடியாத வேகத்தில் நாம் போவது அதில் ஒன்று. குழந்தையாக நடத்துவது இன்னொன்று. அவர் செய்யக்கூடியதைச் செய்யவிடாமல் இருப்பதும் ஒன்று. கெட்ட எண்ணத்தோடு யாரும் இதைச் செய்வதில்லை என்றும் அவர் எழுதுகிறார். அந்தப் பட்டியலை நான் இரண்டு தடவை படித்தேன். மூன்றிலும் நான் இருந்தேன்.

1990களில் அமெரிக்க உளவியலாளர் கேமரன் கேம்ப், மாண்டிசோரி முறையை மறதிநோய் உள்ளவர்களிடம் கொண்டுபோனார். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, யுத்தத்தால் சில வருஷம் நம்மூர்ப் பக்கமே தங்கிவிட்ட அதே மரியா மாண்டிசோரிதான். குழந்தைகள் கரண்டியால் பயற்றை அள்ளிக் கிண்ணம் மாற்றும் பயிற்சி ஞாபகம் இருக்கிறதா? கேம்பின் முதியவர்கள் ஓட்டைக் கரண்டியால் கோல்ஃப் பந்தை அள்ளினார்கள். பார்க்க விளையாட்டு. ஆனால் சாப்பிடும் கைக்கு அதுதான் உடற்பயிற்சி. பெயரும் ஊரும் அழிந்த பிறகும் பழகிய கையசைவு கொஞ்ச காலம் தங்கும், அதைப் பிடித்துக்கொண்டுதான் மற்றதைக் கட்ட வேண்டும்.

அமெரிக்காவில் 1987இல் வந்த சீர்திருத்தச் சட்டமும் அதையொட்டிய விதிகளும், உண்பது, உடுப்பது, குளிப்பது போன்ற திறன்கள் நோயின் தவிர்க்க முடியாத போக்காலன்றிக் குறையக்கூடாது என்று இல்லங்களையே பொறுப்பாக்கின. நம் நாட்டிலும் பராமரிப்பு மையச் சட்டம் 1993இல் வந்தது, தனியார் முதியோர் பராமரிப்புக்கான சட்டம் 2018இல். எந்தச் சட்டமும் ஞாயிறு மதியம் வந்து பேரன் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்காது.

இப்போது நான் பாட்டிக்கு எதிரே உட்கார்ந்து எனக்கும் ஒரு கிண்ணம் வைத்துக்கொள்கிறேன். மேசையில் வேறு ஒன்றும் இருக்காது. நான் சாப்பிடுவேன், பாட்டி என் கையைப் பார்ப்பார், கொஞ்ச நேரம் கழித்து அவர் கை எழும்பும். முக்கால் மணி நேரம் ஆகிறது. பாதிக் கஞ்சி மார்புத் துண்டில். அந்த நேரத்துக்குள் எத்தனை தடவை கைப்பேசியைப் பார்க்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

போன ஞாயிறு கரண்டி நாலாவது தடவை கீழே விழுந்தபோது பக்கத்துக் கட்டில் பாட்டிக்குப் பொறுக்கவில்லை. "ஏன்யா, ஒரு வாய் ஊட்டிவிட்டா கொறஞ்சா போயிருவ?" என்றார்.

ஒரு வாய் ஊட்டினேன். பிறகு கரண்டியைக் கழுவி, பாட்டியின் கையில் வைத்தேன்.