குட்டைச் சாவி மேல் விழுந்த பழி

1997இல் வெளிவந்த 802.11 தரநிலையோடு, வைஃபைக்கான முதல் பாதுகாப்பு ஏற்பாடாக டபிள்யூ.இ.பி.யும் வந்தது. நான்கே ஆண்டில் அது மானம் இழந்ததற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், அதன் ரகசியச் சாவி வெறும் 40 பிட் என்பது. வலுவான குறியாக்கத்தை வெளிநாட்டுக்கு விற்க அன்றைய அமெரிக்க ஏற்றுமதி விதிகள் விடவில்லை. ஆகவே பழி வாஷிங்டனுக்குப் போனது. ஆனால் பிறகு வந்த அக்சஸ் பாயிண்டுகளில் 104 பிட் சாவி இருந்தது. அதையே ‘128 பிட்’ என்று விளம்பரப்படுத்தி விற்றார்கள். கணக்கில் இடிக்கும் அந்த 24 பிட்டில்தான் நோய் இருந்தது.

ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் சாவியோடு சேரும் தொடக்க எண் அது. காற்றில் திறந்தபடியே போகும். 24 பிட்டில் கிடைப்பவை 1,67,77,216 எண்கள் மட்டுமே. 11 மெகாபிட் வேகத்தில் ஓயாமல் இயங்கும் அக்சஸ் பாயிண்ட் சுமார் ஐந்து மணி நேரத்தில் அத்தனையையும் தீர்த்துவிடும். எண் திரும்பி வந்தால், தரவை மறைக்கும் பிட் வரிசையும் அதேதான். இரண்டு பாக்கெட்டுகளை ஒப்பிட்டே உள்ளடக்கத்தை ஊகிக்கலாம். எண்ணைப் பாக்கெட்டுதோறும் மாற்றுவதைக்கூடத் தரநிலை கட்டாயமாக்கவில்லை என்பதுதான் விந்தை. போரிசோவ், கோல்ட்பர்க், வாக்னர் என்ற ஆய்வாளர்கள் 2001இல் இவற்றை அம்பலமாக்கினார்கள். அதே ஆண்டு ஃப்ளூரர், மான்டின், ஷமீர் ஆகியோர், சில தொடக்க எண்கள் சாவியையே கசியவிடுகின்றன என்று காட்டினார்கள். எல்லாச் சாவிகளையும் முயன்று பார்ப்பவனுக்கு ஒரு பிட் கூடினாலே வேலை இரட்டிப்பாகும்; இந்த வழியில் வருபவனுக்கோ, சாவியின் நீளமே இரட்டித்தாலும் வேலை ஏறக்குறைய இரண்டு மடங்குதான்.

அன்றைய மலிவான சிப்புகளால் அவ்வளவுதான் முடியும் என்று வாதிடலாம். ஏஇஎஸ் என்ற வலுவான குறியாக்கத்தைப் பொறுத்தவரை அது நியாயம். அதற்குப் பெரும்பாலும் புது வன்பொருள் வேண்டியிருந்தது. ஆனால் டபிள்யூ.இ.பி.க்கு மாற்றாக 2003இல் வந்த டபிள்யூ.பி.ஏ., பழைய கருவிகள் பலவற்றில் ஃபர்ம்வேரை மாற்றியே ஓடியது. தொடக்க எண் 48 பிட்டாக நீண்டது, பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு சாவி மாறியது. அதிலும் 2008இல் ஓட்டை தெரிந்தது உண்மைதான். ஆனாலும், அதே சிப்பில் இவ்வளவு செய்ய முடிந்தபோது, 1997இல் குறைந்தது சிப்பின் திறன் அல்ல, குறியாக்க வல்லுநர்களின் கண். 2005 ஜூலையில் டி.ஜே.எக்ஸ். என்ற அமெரிக்கக் கடைத்தொடரின் கணினிகளுக்குள் திருடர்கள் புகுந்தபோது, அங்கே இன்னும் டபிள்யூ.இ.பி.தான் காவலுக்கு இருந்தது, குறைந்தது 4.57 கோடி அட்டைகளின் விவரங்கள் பறிபோயின. 2007இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் மூன்று ஆய்வாளர்கள் ஒரு நிமிடத்துக்குள் உடைத்துக் காட்டியதும் குட்டைச் சாவியை அல்ல, 104 பிட் சாவியை.