சுருள்வில்லில் பிறந்த எதிரொலி

பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர், ஒரு காலத்தில் ஊருக்கு ‘டிரங்க் கால்’ பேசியபோது, தம் குரலே சற்றுத் தாமதித்துத் திரும்பி வரக் கேட்டிருப்பர். உரையாடலைக் குலைக்கும் இக்குறையை ஆராயப் புகுந்த அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தார், நெடுந்தொலைவுக் கம்பியில் ஏற்படும் தாமதத்தை ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே உண்டாக்கச் சுருள்வில்லைக் கையாண்டனர். சுருள்வில்லின் வழியே அதிர்வு மெல்லவே செல்லும் அன்றோ?

குறையை ஆராயப் பிறந்த கருவி, பின்னர் இசைக்கு அணியாயிற்று. சிகாகோ நகரத்து லாரன்ஸ் ஹாமண்ட் 1935ஆம் ஆண்டில் மின் ஆர்கனை அறிமுகப்படுத்தினார். உயர்ந்த மாதா கோயிலில் கம்பீரமாக முழங்கும் ஆர்கன் இசை, கம்பளம் விரித்த சிறு வீட்டில் வறண்டு ஒலித்தது. ஆயிரங்கால் மண்டபத்தில் பாடுவதற்கும் வீட்டுக் கூடத்தில் பாடுவதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் அறிவோம். அக்குறையைத் தீர்க்க ஹாமண்ட் பெல் கூடத்தாரின் சுருள்வில்லை நாடினார். முதற்கருவி ஏறத்தாழ நான்கடி உயரம்; எண்ணெய்க் குழாய்களும் அதில் இருந்தன. 1960ஆம் ஆண்டளவில் அது ஏறத்தாழ 17 அங்குல நீளமுள்ள உலோகத் தட்டாகச் சுருங்கியது.

கலிபோர்னியாவின் லியோ ஃபெண்டர் 1961இல் அதனைக் கித்தாருக்குரிய தனிக்கருவியாகவும், 1963இல் ஒலிபெருக்கியின் உள்ளேயே அமைத்தும் வெளியிட்டார். டிக் டேல் முதலியோரின் கடலலை இசைக்கு அந்த ஈர ஒலியே அடையாளமாயிற்று.

இக்கருவியின் எதிரொலி திடீரென நின்றுவிட்டால் யாது செய்வது? இதன் வரலாறே வழிகாட்டும். தொலைபேசிக்கு நேர்மாறாக, இங்கு மின்சாரம் ஒரு முனையில் அதிர்வாகி, மறுமுனையில் மீண்டும் மின்சாரமாகிறது. ஆகவே எந்த முனை ஓய்ந்தது என்று அறிதலே முதற்பணி. எதிரொலிக் குமிழைத் திருப்பி வைத்துப் பெட்டியை மெல்ல அசைப்போம். இடிபோன்ற ஓசை எழுந்தால், வெளிவரும் பகுதி நலமே. உட்செல்லும் கம்பிச்சுருளையோ அதனை இயக்கும் பகுதியையோ ஐயுறலாம். ஓசை எழாவிடில், வெளிவரும் முனையையும் அதன் இணைப்புக் கம்பியையும் நோக்க வேண்டும். இரைச்சல் மிகுந்தால், இணைப்புக் கம்பிகள் இடம் மாறினவா, தட்டு மின்மாற்றிக்கு அருகே உள்ளதா என்று பார்க்க வேண்டும். தட்டை மட்டும் கழற்றி மானியால் அளக்கையில் ஒரு சுருளில் மின்னோட்டமே இல்லையெனில், மயிரிழை போன்ற கம்பி அறுந்திருக்கும்.

ஒலிபெருக்கியின் உட்பகுதியை மட்டும் நாம் திறத்தல் ஆகாது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அங்கே உயிர்க்கொல்லி மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். அது தேர்ந்த கைக்கே உரியது.

அறுந்தது ஒரு மயிரிழை. அதன்பொருட்டு முழுக் கருவியையும் கழித்துவிடுதல் முறையன்று. தேடிப் பொருத்தினால், மறைந்த மண்டபம் மீண்டும் நம் சிறு அறைக்குள் வந்து சேரும்.