கலங்கல் நீரின் பாசிகள்: ஜொகூர் நீரிணையை ஒட்டிய பவளங்கள் பற்றி ஒரு வாதம்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலுள்ள பாசிர் கூடாங் பற்றிய பேச்சில் பவளத்துக்கு இடமில்லை. துறைமுகம், பாமாயில் ஆலைகள், பெட்ரோ இரசாயனத் தொழில், 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட கழிவால் 111 பள்ளிகள் மூடப்பட்டது ஆகியவையே நினைவுக்கு வரும். ஆனால் அந்த ஊரின் கரையைத் தொட்டோடும் ஜொகூர் நீரிணையின் நீர் உபின் தீவைக் கடந்து சிங்கப்பூர் நீரிணையில் கலக்கிறது. அந்நீரிணையின் தீவுகளை ஒட்டி ஏறத்தாழ 250 வகைக் கல்பவளங்கள் இன்றும் வாழ்கின்றன. இவ்வளவு கலங்கிய நீரில் அவை பிழைத்திருப்பதை அவற்றுக்குள் வாழும் பாசிகளின் பன்மைக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கமாகிவருகிறது. அது சரியல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆழமற்ற கடலில் பவளத்தின் ஆற்றல் தேவையில் பெரும்பகுதியைத் தருவது அதன் திசுவுக்குள் வாழும் ஒற்றைச்செல் பாசி. 1962இல் ஃபிராய்டெந்தால் அதற்குச் சிம்பியோடினியம் என்று பெயரிட்டார். உலகப் பவளங்கள் அனைத்திலும் ஒரே இனம்தான் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. 1991இல் ரோவனும் பவர்ஸும் மரபணுச் சான்றால் அதைத் தகர்த்தார்கள். அதன்பின் எழுத்துகளால் குறிக்கப்பட்டுவந்த கிளைகளை 2018இல் லாஜுனெஸ் குழுவினர் கிளாடோகோபியம், டூருஸ்டினியம் முதலிய தனிப் பேரினங்களாக வகுத்தார்கள்.

பெரும்பாலான பவளங்களின் குஞ்சுகள் பாசி இல்லாமலே பிறக்கின்றன. ஒவ்வொரு தலைமுறையும் தன் பாசியைச் சுற்றியுள்ள கடலிலிருந்துதான் பெற்றாக வேண்டும். நீரிலும் வண்டலிலும் பாசிகள் தனித்து வாழ்கின்றன. ராட்சதச் சிப்பிகளும் கடற்சாமந்திகளும் உயிருள்ள பாசிகளை வெளியே விடுகின்றன. எனவே பவளத்தை மட்டும் காப்பாற்றினால் போதும் என்பது அரைகுறைக் கணக்கு.

சிங்கப்பூரின் கலங்கல் நீர்ப் பவளங்களை ஆராய்ந்து 2020இல் வெளிவந்த ஆய்வு, பாசிகளின் பன்மை அங்கே குறைவு என்றே கண்டது. விருந்தோம்பிகள் பல, விருந்தாளிகள் சில. என் பார்வையில் இது வலிமையைவிட வடிகட்டலின் விளைவு: மங்கிய ஒளியில் தாக்குப்பிடிக்கும் சில பாசிகள் மட்டும் எஞ்சியிருக்கின்றன.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அது எளிதில் தள்ளத்தக்கதும் அல்ல. கலங்கல் வெயிலை மறைத்து, வெப்பத்தில் பவளம் தன் பாசியை இழக்கும் வெளிறலைத் தணிக்கலாம். 2010 வெளிறலின்போது, வழக்கமாக முதலில் வெளிறும் அக்ரோபோரா என்னும் பவளம் சிங்கப்பூரிலும் மலேசியாவின் தியோமான் தீவிலும் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே பாதிக்கப்பட்டது. 1998இன் கடும் வெளிறலுக்குப் பின் நேர்ந்த தகவமைப்பாக இருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதினார்கள். பவளத்தால் பாசியை மாற்றிக்கொண்டு வெப்பத்தைத் தாங்கவும் முடியும். ஆஸ்திரேலியாவில் பெர்க்கெல்மன்ஸ், வான் ஓப்பன் இருவரும் 2006இல் காட்டியபடி, டூருஸ்டினியத்துக்கு மாறிய பவளம் கூடுதலாக 1 முதல் 1.5 பாகை வரை தாங்கியது. ஆனால் அதற்கு விலை உண்டு. இளம் அக்ரோபோராவில் கிளாடோகோபியம் இருந்தால் டூருஸ்டினியம் இருப்பதைவிட வளர்ச்சி இரண்டு மூன்று மடங்கு வேகமாக இருந்ததென 2004இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பிழைப்பதும் பாறைத்திட்டைக் கட்டியெழுப்புவதும் ஒன்றல்ல. தவிர, வெயிலை மறைக்கும் அதே கலங்கல்தான் பவளம் வளரக்கூடிய ஆழத்தைச் சில மீட்டருக்குள் சுருக்கிவிடுகிறது.

கடலின் வெப்பத்தை ஜொகூர் மாநிலம் தனியாகக் குறைக்க முடியாது. வண்டலையும் கழிவையும் குறைக்க முடியும். ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைத்து 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தால் நீரோட்டம் தடைபட்ட ஜொகூர் நீரிணையில் எது கொட்டப்பட்டாலும் எளிதில் அகல்வதில்லை. 2014இல் அதன் மேற்குப் பகுதியில் கார்லோடினியம் என்னும் நுண்ணுயிரி பெருகிக் கூண்டு மீன்கள் கூட்டமாக மடிந்தன. அந்த நுண்ணுயிரியும் பவளப் பாசியும் டைனோஃபிளாஜெல்லேட் என்னும் ஒரே பெருங்குழுவைச் சேர்ந்தவை. நீரின் தரம் கெட்டால் எந்த உறவினர் முந்திக்கொள்வார் என்பதற்கு அது ஒரு எச்சரிக்கை.

ரீஃப் செக் மலேசியா என்னும் அமைப்பு ஆண்டுதோறும் பவளப் பரப்பை அளக்கிறது. பயனுள்ள பணி; ஆனால் அந்த அளவு பாசியைப் பற்றி எதுவும் சொல்லாது. ஜொகூரின் மெர்சிங் கடலிலுள்ள திங்கி, சிபு தீவுகளில் பவளப் பரப்போடு பாசி வகைகளையும் பதிவுசெய்ய வேண்டும். பாசிர் கூடாங் கடலோரத்தில் தூர்வாரவும் கடலை நிரப்பவும் தரப்படும் ஒவ்வோர் அனுமதியிலும் நீருக்குள் இறங்கும் ஒளியின் அளவை ஒரு நிபந்தனையாக்க வேண்டும்.