நாளை பைஜாமாவில் வரவும்!

ராத்திரி எட்டரை மணி. உங்கள் செல்போனில் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு செய்தி வருகிறது. 'நாளை பைஜாமா டே. குழந்தைகள் அனைவரும் இரவு உடையில் வரவும்.' உங்கள் வீட்டில் என்ன நடக்கும்?

குழந்தை குதிக்கும். தாத்தா, 'தூங்குற துணியோட பள்ளிக்கூடமா? நல்ல கூத்து!' என்பார். அம்மா பீரோவைத் திறந்து பார்ப்பார். சாயம் போன டி-ஷர்ட்டும் ரப்பர் தளர்ந்த டிரவுசரும்தான் நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இரவு உடை. அதைப் போட்டு அனுப்ப மனசு வராது. கடைசியில் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, எந்தத் துணிக்கடை இன்னும் திறந்திருக்கிறது என்று பார்க்கக் கிளம்புவார்.

நம் காலத்தில் மாறுவேடப் போட்டி இருந்தது. மை தீட்டி மீசை வைத்தால் பாரதியார். அட்டையில் வாள் செய்தால் கட்டபொம்மன். அந்த வரிசையில் கலர் டே, ஃப்ரூட் டே எல்லாம் சேர்ந்து, இப்போது அமெரிக்க, ஆங்கிலேயப் பள்ளிகளில் கொண்டாடும் பைஜாமா தினமும் நம் ஊர் நர்சரிகளுக்கு வந்திருக்கிறது. வேண்டுமா, வேண்டாமா என்று பெற்றோர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள்.

'ஒருநாள் கூத்து, இதுக்குப் போய் ஒரு விவாதமா?' என்கிறீர்களா? என்ன உடுத்த வேண்டும் என்று மேலேயிருந்து வரும் உத்தரவு சின்ன விஷயமா, பெரிய விஷயமா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேலூரைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் கிடையாது. வாருங்கள், ஒரு நடை கோட்டைக்குப் போய்விட்டு வரலாம்.

வருஷம் 1805, நவம்பர். சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக். தன்னுடைய சிப்பாய்கள் பார்க்க ஒரே மாதிரி, பளிச்சென்று இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. உத்தரவு தயாரானது. அணிவகுப்புக்கு வரும்போது நெற்றியில் நாமமோ விபூதியோ கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடியை மழிக்க வேண்டும். மீசைகூட எல்லோருக்கும் ஒரே அளவில்தான் இருக்க வேண்டும். கூடவே ஒரு புதிய தலைப்பாகை. அட்ஜுடன்ட் ஜெனரல் அக்னியூவின் பெயரால் 'அக்னியூ தலைப்பாகை' என்றே அதைச் சொல்வார்கள். பெயர்தான் தலைப்பாகை. பார்த்தால் வெள்ளைக்காரத் தொப்பி. போதாக்குறைக்கு அதில் தோலில் செய்த ஒரு குஞ்சம் வேறு.

தோல் என்றால் எந்தத் தோல்? மாடா, பன்றியா? மாட்டுத்தோல் என்றால் இந்துவுக்கு ஆகாது. பன்றித்தோல் என்றால் முஸ்லிமுக்கு ஆகாது. ஒரே குஞ்சத்தால் இரண்டு தரப்பையும் புண்படுத்திய பெருமை கம்பெனி அதிகாரிகளையே சேரும்! 'இன்னிக்குத் தொப்பி, நாளைக்கு மதமாற்றம்' என்று கடைவீதியில் பேச்சு பரவியது. 'தொப்பிக்காரன் ஆயிட்டியே' என்று சொந்த சனமே கேலி பேசியது.

1806 மே மாதம் வேலூரில் ஒரு படைப்பிரிவு தொப்பியை வாங்க மறுத்தது. இருபத்தோரு பேரைச் சென்னைக்குக் கொண்டுபோய் விசாரித்தார்கள். அதில் ஒரு இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் கசையடி கொடுத்து வேலையைவிட்டு விரட்டினார்கள். மற்றவர்கள் மன்னிப்புக் கேட்டுத் தப்பினார்கள். முஸ்தபா பேக் என்ற சிப்பாய், 'பெரிய கலகம் வரப்போகுது' என்று தன் அதிகாரியிடமே போய்ச் சொன்னார். 'அவன் ஒரு பைத்தியம்' என்று சொல்லி அந்தப் பேச்சை ஒதுக்கிவிட்டார்கள்.

இந்தக் கதையில் முக்கியமான இடம் இதுதான். கிரடாக்குக்கே உள்ளூர ஒரு பயம் வந்துவிட்டது. உத்தரவைத் திரும்பப் பெறலாமா என்று கவர்னர் வில்லியம் பெண்டிங்கிடம் கேட்டார். கவர்னர் சபை வேண்டாம் என்றது. இப்போது பின்வாங்கினால் அரசின் கெளரவம் என்னாவது?

சில நாட்களில், ஜூலை 10-ம் தேதி அதிகாலை இரண்டு மணிக்குக் கோட்டைக்குள் துப்பாக்கிகள் வெடித்தன. தளபதி ஃபேன்கோர்ட் உள்பட நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயர்கள் கொல்லப்பட்டார்கள். கோட்டைக்குள்தான் திப்பு சுல்தானின் குடும்பத்தை வைத்திருந்தார்கள். முந்தின நாள்தான் அங்கே திப்புவின் மகள் ஒருத்திக்குக் கல்யாணம். விடிந்தபோது கோட்டையில் மைசூர்க் கொடி பறந்தது. சில மணி நேரம்தான். சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையுடன் பாய்ந்து வந்தார். கதவு தகர்ந்தது. அன்று மட்டும் 300-க்கும் மேற்பட்ட சிப்பாய்கள் செத்தார்கள். பலரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். அப்புறம் நடந்த விசாரணையில் சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள்.

கலகத்துக்குத் தொப்பி மட்டுமே காரணமில்லை. சம்பளக் குறை, அதிகாரிகளின் ஏளனம், திப்பு குடும்பத்தாரின் கனவு எல்லாம் உள்ளே புகைந்துகொண்டிருந்தன. ஆனால், நெருப்புக்குச்சி தொப்பிதான். அத்தனை உயிரும் போன பிறகு உத்தரவு வாபஸ் ஆனது! 1807-ல் கிரடாக்கையும் பெண்டிங்கையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. ஆனால், பாடம் முழுசாக மண்டையில் ஏறவில்லை. 51 வருஷம் கழித்து, 1857-ல் வடக்கே மறுபடி வெடித்தது. இந்த முறை தோல் இல்லை, தோட்டாவில் தடவிய கொழுப்பு. 2006-ல், இருநூறாவது ஆண்டில், வேலூர்ப் புரட்சிக்குத் தபால்தலை வெளியானது.

பள்ளிக்கூட பைஜாமாவுக்கும் பீரங்கிக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்காதீர்கள். உடை விஷயத்தில் உத்தரவு போடுகிறவர் பார்ப்பது வெறும் துணி. அணிகிறவருக்கோ அது வீடு, சாமி, அப்பா, அக்கம்பக்கம் எல்லாம் சேர்ந்தது. அதைத்தான் இந்தக் கோட்டை சொல்கிறது.

சரி, பைஜாமாவுக்கு வருவோம். இது என்ன வெளிநாட்டுச் சமாசாரமா? இல்லவே இல்லை. பாரசீகத்தில் 'பாய்' என்றால் கால், 'ஜாமா' என்றால் உடை. இரண்டும் சேர்ந்து கால்சட்டை. இந்தியாவில் அது ராத்திரி உடையாக இருந்ததே கிடையாது. பட்டப்பகலில், தர்பாரில், தொழுகையில், கல்யாணத்தில் மரியாதையாக அணிகிற உடை.

இங்கே வந்த வெள்ளைக்காரனுக்கு நம் வெயிலில் இறுக்கமான கால்சட்டை தாங்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, தொளதொளவென்று நாடா வைத்த பைஜாமாவுக்குள் புகுந்துகொண்டான். அப்படியே தூங்கியும் போனான். ஊர் திரும்பும்போது பெட்டியில் அதையும் எடுத்துப் போனான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து ஆண்களின் நீள இரவுச் சட்டையைப் பைஜாமா ஓரங்கட்டத் தொடங்கியது.

ஆங்கிலத்தில் புகுந்த இந்தியச் சொற்களைத் தொகுத்து 1886-ல் வந்த 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' அகராதியில் ஒரு தமாஷ் இருக்கிறது. லண்டன் கடைகளில் சில பைஜாமாக்களுக்குப் பாதத்தையும் மூடி, காலுறை மாதிரி தைத்துக் கொடுப்பார்களாம். ஏன் இப்படி என்று ஒருவர் கேட்டதற்கு, கரையானுக்குப் பயந்துதான் என்று தையல்காரர் பதில் சொன்னாராம்!

பாருங்கள் வேடிக்கையை. நம் பகல் உடையைக் கொண்டுபோய் அவர்கள் இரவு உடையாக்கினார்கள். அது உலகம் சுற்றிவிட்டு, 'பைஜாமா டே' என்ற பெயரில் 'தூங்கும் உடை தினமாக' நமக்கே திரும்பி வந்திருக்கிறது.

இப்போது கோட்டையிலிருந்து பெங்களூர் சாலையைப் பிடித்து ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் போங்கள். எந்தத் தோலுக்காக 1806-ல் ரத்தம் ஓடியதோ, அந்தத் தோல்தான் அடுத்த நூற்றாண்டில் பாலாற்றங்கரையின் பிழைப்பானது. ஆவாரம் பட்டையில் பதப்படுத்திய தோல்கள் கப்பலேறின. பிறகு அதே ஊர்கள் ஐரோப்பியக் கால்களுக்கு ஷூ தைக்கத் தொடங்கின. பாலாறு அதற்குக் கொடுத்த விலை பெரிது. 1996-ல் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வந்தது. ஆனால், தோல் வியாபாரிகள் சம்பாதித்ததில் ஒரு பங்கு பள்ளிக்கூடங்களாகவும் கல்லூரிகளாகவும் நிமிர்ந்தது. 1919-ல் வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரி வந்தது. மேல்விஷாரத்தில் தோல் வணிக வள்ளல் அப்துல் ஹக்கீம் பெயரிலேயே ஒரு கல்லூரி இருக்கிறது.

இந்த ஊர்களில் தமிழும் உருதும் கலந்து காதில் விழும். வெள்ளிக்கிழமை மதியம் தெருவில் நின்று பாருங்கள். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைப் பைஜாமா, ஜிப்பா, தலையில் தொப்பி என்று தாத்தாவும் பேரனும் கைகோத்துப் போவார்கள். அந்தப் பேரனுக்குப் பைஜாமா என்பது பெருநாள் உடை. தாத்தாவின் கெளரவம். அவனிடம் போய், 'பைஜாமா என்றால் தூங்கும் உடை, நாளைக்கு ஜாலியாகப் போட்டுக்கொண்டு வா, எல்லோரும் சிரிக்கலாம்' என்றால், அவன் எந்தப் பைஜாமாவை எடுப்பான்? பெருநாள் வெள்ளையோடு வந்து, கரடி பொம்மை போட்ட பைஜாமாக்களுக்கு நடுவில் நிற்பான். யாரும் திட்டமிட்டு அவனைப் புண்படுத்தவில்லை. கிரடாக்கும் சிப்பாய்களை அழகாக்கத்தானே நினைத்தார்?

இன்னொரு பையனையும் பாருங்கள். அவன் அம்மா ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவர். அவனிடம் பைஜாமாவே இல்லை. தமிழ்நாட்டில் சீருடை எதற்கு வந்தது? காமராஜர் முதல்வராக இருந்த காலத்தில், 1956-ல் மதிய உணவு வந்தது. வயிறு நிறைந்தாலும் கிழிந்த சட்டையோடு உட்கார ஒரு குழந்தை கூசுமே? நெ.து.சுந்தரவடிவேலு கல்வித் துறையை நடத்திய அந்த நாட்களில் பள்ளிச் சீரமைப்பு இயக்கம் நடந்தது. ஊர் மக்களே பெஞ்சும் கரும்பலகையும் துணிமணியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். 1985-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு அரசே இலவசச் சீருடை கொடுக்க ஆரம்பித்தது. பணக்கார வீடு எது, ஏழை வீடு எது என்று வகுப்பறைக்குள் தெரியக் கூடாது. சீருடையின் தர்மம் அதுதான். 'டிரஸ் டே' அன்று ஒருநாள் அந்தத் திரை விலகுகிறது. எவன் வீட்டில் என்ன இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

இந்தச் சீருடைக் கதையில் ஒரு சுவாரஸ்யமான திருப்பமும் உண்டு. 2012-13 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளின் மேல் வகுப்பு மாணவிகளுக்குப் பாவாடைக்குப் பதில் சல்வார் கமீஸ் வந்தது. சல்வார் யார்? பைஜாமாவின் உடன்பிறந்த அக்கா! இலவச சைக்கிளை மிதித்துக்கொண்டு பள்ளிக்குப் போகிற பெண்ணுக்கு அது எவ்வளவு வசதி என்று நீங்களே தெருவில் பார்க்கலாம். பைஜாமா குடும்பத்துக்குப் பள்ளிக்கூடத்துக்குள் நுழையத் தகுதி உண்டா என்ற கேள்விக்கு அன்றைக்கே பதில் வந்துவிட்டது.

அப்படியானால் தீர்ப்பு? பைஜாமா போட்டுப் போவதில் தப்பே இல்லை. தூங்கும் உடையில் போனால் ஒழுக்கம் கெட்டுவிடும் என்கிற தாத்தாவின் வாதமும் நிற்காது. உடையைத் தளர்த்தினால் குழந்தை கொஞ்சம் தளர்ந்து சிரிக்கிறது, டீச்சரைக் கண்டு பயப்படாமல் கதை கேட்கிறது. நல்லதுதானே?

ஆனால், மூன்று விஷயங்களைப் பள்ளிக்கூடம் செய்யட்டும். புதுசாக எதுவும் வாங்க வேண்டாம் என்று தெளிவாக எழுதட்டும். சீருடையிலேயே வருகிற குழந்தையும் அன்றைக்கு விழாவில் முழுப் பங்காளி என்று சொல்லட்டும். பைஜாமா யாருடைய உடை, எங்கிருந்து எங்கே போய்வந்தது என்று டீச்சர் பத்து நிமிஷம் கதை சொல்லட்டும். ஜிப்பாவோடு வந்த பையன் அன்று வகுப்பின் ஹீரோ ஆகிவிடுவான்.

1806-ல் சென்னையிலிருந்து வந்தது உத்தரவு மட்டும்தான். 'இதைப் போட்டுக்கொள்ள உங்களுக்குச் சம்மதமா?' என்ற ஒரு வரி அதில் இல்லை. நீங்கள் பெற்றோரோ, ஆசிரியரோ, அடுத்த 'டே' வருவதற்குள் அந்த ஒரு வரியைக் குழந்தையிடம் கேட்டுப் பாருங்கள். அது சொல்லும் பதிலைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.