பழைய பெயின்ட்டைச் சுரண்டுறதுக்கு முன்னால

திருகோணமலையில் ஒரு பழைய மொறிஸ் மைனரோ ஒஸ்ரின் கேம்பிரிட்ஜோ கைமாறினால், வாங்கினவர் முதலில் போகிற இடம் கராஜ்தான். எஞ்சின் ஒழுங்கா ஓடுதோ இல்லையோ, பெயின்ட் அடிச்சாகணும். தகரம் தெரியும்வரை பழைய பெயின்ட்டைச் சுரண்டி, பட்டி போட்டு, சாண்ட் பேப்பரால் தேய்த்து, பிரைமர் அடித்து, அதற்கு மேல் பளபளக்கிற ஒரு புதுக் கலர். சில கிழமைகளில் கார் "புதுசு போல" வெளியே வரும். எல்லாருக்கும் சந்தோசம். அப்படியான கார் றோட்டில் போனால் நாங்களும் திரும்பிப் பார்க்கிற ஆக்கள்தான்.

ஆனால் சுரண்டிக் கொட்டின அந்தத் தூளைப் பற்றி யாரும் யோசிக்கிறதில்லை. ஐம்பது அறுபது வருட வெயிலும் உப்புக்காற்றும், அந்தக் காரைத் துடைத்த கைகளும் பதிந்திருந்த ஒரு படலம் அது. எங்களுக்கு அது ஒரு ஆவணம். அதைக் கவனமாக வைத்திருப்பதைச் சோம்பல் என்று சொல்ல முடியாது. அதற்கு வேலையும் பொறுமையும் தேவை.

இவ்வளவு பழைய கார்கள் ஏன் எங்களிடம்?

மொறிஸ் மைனர் 1948-இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1971 வரைக்கும் 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் செய்தார்கள். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்ததும் அதே 1948-இல்தான். ஆனால் திருமலைத் துறைமுகத்தைப் பிரிட்டிஷ் கடற்படை 1957-இல்தான் கைவிட்டது. அந்தக் காலத்தில் இங்கே கார் என்றாலே பெரும்பாலும் பிரிட்டிஷ் கார்தான்.

பிறகு 1960களில் வெளிநாட்டுச் செலாவணி தட்டுப்பட, கார் இறக்குமதி இறுகியது. 1977-இல் பொருளாதாரம் திறக்கப்படும்வரை புதுக் கார் என்பது ஒரு சிலருக்கு மட்டும் கிடைத்த விசயம். இருந்த காரைத் திருத்தித் திருத்தி ஓடுவதைத் தவிர மற்றவர்களுக்கு வழி இருக்கவில்லை. 1990க்குப் பிறகு வடக்கில் பொருளாதாரத் தடை வந்து பெட்ரோல் இல்லாமல் போனபோது, இதே ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கார்பரேட்டரில் சில துளி பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கடைசியாக 2020 மார்ச்சில் மறுபடியும் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது.

வேறு நாட்டில் எண்டால் எப்பவோ பழைய இரும்புக்குப் போயிருக்கும் கார், எங்கட நாட்டில் 1958-ஐயும் 1983-ஐயும் 2004 சுனாமியையும் 2009-ஐயும் தாண்டி இன்னும் ஒரு வீட்டுப் போர்ட்டிக்கோவில் நிற்கிறது. அதன் மேல் இருக்கிற பெயின்ட்டும் அதே பாதையால் வந்ததுதான்.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மொறிஸ் மைனர் நிலையத்துக்காக, அந்தக் காரின் தகரப் பாகங்களை இலங்கையிலேயே செய்தார்கள். அதாவது மட்கார்டையும் கதவையும் திரும்பச் செய்யலாம். அறுபது வருடம் மங்கின பெயின்ட்டை எந்தப் பட்டறையிலும் செய்ய முடியாது.

பெயின்ட் எப்படி வயசாகுது?

மோட்டார் கார் வந்த ஆரம்பத்தில் அதற்குக் குதிரைவண்டிக்குப் பூசின வார்னிஷைத்தான் பூசினார்கள். பிரஷ்சால் பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசி முடிக்கக் கிழமைக்கணக்கு ஆகும். ஃபோர்டின் மொடல் டி கார் 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டும் வந்ததற்கு, தொழிற்சாலையில் வேகமாக வேலை முடிய வேண்டும் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 1920களின் நடுவில் டியூப்பொன் கம்பனியின் டூக்கோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லக்கர் வந்தது. ஸ்பிரே பண்ணினால் சீக்கிரம் காய்ந்துவிடும். கலர்க் கார்கள் பெருகினது அதற்குப் பிறகுதான்.

1950களின் கார்களில் இருப்பது இந்தச் செல்லுலோஸ் அல்லது சூடாக்கி இறுக்கின எனாமல் வகை. இன்றைய கார்களில் கலருக்கு மேல் நிறமில்லாத ஒரு தெளிவான பூச்சு இருக்கும். 1980களில்தான் அது பரவலானது. அதற்கு முந்திய கார்களில் கலர்தான் வெளித்தோல். வெயிலும் மழையும் உப்பும் நேரே அதில்தான் படும்.

வெயிலின் புற ஊதாக் கதிர் முதலில் உடைப்பது கலரை இல்லை, கலர்த்தூளைப் பிடித்து வைத்திருக்கிற பிசினை. பிசின் போனதும் தூள் மேலே மிஞ்சும். பழைய கார் பொனட்டில் விரலைத் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரிக் கலர் ஒட்டுவது அதனால்தான். பிறகு மெல்லிய இடங்களில் வெடிப்பு விழும், அதற்குள் ஈரம் இறங்கும், கறள் தொடங்கும். திருமலை மாதிரிக் கடல் சுற்றின ஊரில் இது இன்னும் வேகம். உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உப்பு ஈரத்தில் இரும்பு வேகமாகக் கறளும்.

இந்த மாற்றம் கார் முழுக்க ஒரே அளவில் நடக்காது. அதனால்தான் அதை வாசிக்கலாம். கூரையும் பொனட்டும் அதிகம் மங்கியிருந்தால் கார் வெட்டவெளியில் நின்றிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் மங்கியிருந்தால், பல வருடம் ஒரே திசையைப் பார்த்து நின்றிருக்கலாம். கூரையில் நீளக் கோடுகள் தேய்ந்திருந்தால் கரியர் பூட்டிச் சாமான் ஏற்றியிருக்கிறார்கள். சாரதிப் பக்கக் கதவின் மேல் விளிம்பில் பெயின்ட் வழுவழு என்று தேய்ந்திருந்தால், யாரோ ஒருவர் வருடக்கணக்காகக் கையை அங்கே வைத்து ஓட்டியிருக்கிறார். கதவைத் திறந்து பிணைச்சல் பக்கம் பார்த்தால் தொழிற்சாலைக் கலர் அப்படியே இருக்கும். அதற்கும் வெளிக்கலருக்கும் இடையில் எத்தனை கோட்டிங், என்னென்ன கலர் என்று எண்ணலாம். பழைய ஏட்டில் அடித்தல் திருத்தல் பார்க்கிற மாதிரித்தான்.

ஒரு எழுத்துக்காக

காரின் மேலிருக்கிற பெயின்ட் இந்த நாட்டில் அரசியலாகவே இருந்திருக்கிறது. நம்பர் பிளேட்டைத்தான் சொல்கிறோம்.

முன்பு நம்பர் பிளேட்டுகளில் ஆங்கில எழுத்துகள் இருந்தன. 1956-இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அதே வருடம் ஓகஸ்ட் மாதம் தமிழரசுக் கட்சி மக்களை நடந்தே திருமலைக்கு வரச் சொல்லி, இங்கே மாநாடு கூட்டிச் சமஷ்டி கேட்டது. 1957 ஜூலை 26-இல் பண்டா–செல்வா ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்தக் காலத்தில்தான் புது வாகனங்களின் நம்பர் பிளேட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து ஏறியது. 1958 ஜனவரி 1-இல் பஸ்கள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை தொடங்க, அந்த எழுத்தைத் தாங்கின பஸ்கள் வடக்கு கிழக்குக்கும் வந்தன.

தமிழரசுக் கட்சியினர் சிங்கள ஸ்ரீயை அழித்துத் தமிழ் ஸ்ரீயை எழுதினார்கள். பதிலுக்குத் தெற்கில் பெயர்ப்பலகைகளிலிருந்த தமிழ் எழுத்துகளில் தார் பூசினார்கள். ஏப்ரல் 9-இல் ஒப்பந்தம் கிழிந்தது. மே மாதக் கடைசியில் கலவரம் வெடித்தது.

ஒரு வாளி தாரும் ஒரு பிரஷ்சும். இந்த வரலாறு எங்கட பாடப் புத்தகத்தில் இரண்டு வரி வந்தாலே பெரிய விசயம். ஆனால் அது நடந்தது வாகனங்களின் மேலேயே. ஒரு பழைய நம்பர் பிளேட்டின் ஓரத்தில் அந்தக் காலத்துத் தார் ஒரு துளி மிஞ்சியிருந்தால், ஒரு எழுத்துக்குக் கீழே இன்னொரு எழுத்தின் நிழல் தெரிந்தால், அது எந்த மியூசியத்திலும் வைக்கக்கூடிய பொருள். "சும்மா அழுக்கு" எண்டு நினைச்சுத் தின்னர் போட்டுத் துடைக்கிறது அந்தத் துளியைத்தான்.

பணக்காரரின் பொழுதுபோக்கா?

உலகத்தில் இந்தக் கேள்வி புதிதில்லை. 1925-ஆம் ஆண்டுப் புகாட்டி ஒன்று சுவிற்சர்லாந்து–இத்தாலி எல்லையிலுள்ள மஜோரே ஏரியின் அடியில் பல பத்தாண்டுகள் கிடந்தது. 2009 ஜூலையில் அதை வெளியே எடுத்தார்கள். ஒரு பக்கம் கறளில் கரைந்தே போயிருந்தது. 2010 ஜனவரியில் அது 2 இலட்சத்து 60 ஆயிரம் யூரோவுக்கு மேல் ஏலம் போனது. வாங்கின கலிபோர்னியா மியூசியம் அதைத் திருத்தாமல், கறளோடேயே காட்சிக்கு வைத்தது. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா இதற்கென்று டுரின் சாசனம் என்ற ஒன்றையே வைத்திருக்கிறது. கட்டடங்களுக்கான 1964 வெனிஸ் சாசனத்தைப் பின்பற்றி எழுதினது. ஒரு வாகனத்தில் காலம் விட்ட அடையாளங்களும் அதன் வரலாறுதான், தேவைக்கு மேல் கை வைக்காதே என்பது அதன் சாரம்.

இன்னொரு பக்கம் இது ஃபேஷனாகவும் ஆகிவிட்டது. புதுப் பெயின்ட்டைச் சாண்ட் பேப்பரால் தேய்த்துப் பழசு மாதிரிக் காட்டுகிறவர்களும் உண்டு. போலி ஆவணம் செய்வதற்கும் இதற்கும் எங்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

எங்கள் சூழலில் வருகிற நியாயமான கேள்வி வேறு. "கஷ்டத்தில பெயின்ட் அடிக்க முடியாமல் வைச்சிருந்த காரை, இப்ப வந்து வடிவெண்டு சொல்லுறீங்களா?" இடம்பெயர்ந்து, இழந்து, திரும்ப எழும்பின குடும்பத்துக்குப் புதுப் பெயின்ட் என்பது மானத்தோடு சம்பந்தப்பட்டது. அதை நாங்கள் குறைத்துப் பேச முடியாது.

யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கும் இதே சிக்கல் வந்தது. 1981-இல் சுமார் 97,000 நூல்களோடு எரிந்த கட்டடத்தை, எரிந்தபடியே நினைவுச்சின்னமாக விட வேண்டும் என்று ஒரு தரப்புச் சொன்னது. கடைசியில் வெள்ளை பூசித் திரும்பத் திறந்தார்கள். பிள்ளைகளுக்கு நூலகம் வேணும், அது சரி. ஆனால் இன்று அந்த வெள்ளைச் சுவரைப் பார்க்கிற ஒரு சின்னப் பிள்ளைக்கு அங்கே நடந்ததை யாராவது வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. சுவர் சொல்லாது.

பிரெட்றிக் கோட்டை வாசலில் இதற்கு மறுபக்கம் நிற்கிறது. போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்துக் கட்டின கோட்டை அது. வாசல் கல்லில் மீன் சின்னமும் தேய்ந்துபோன தமிழ்க் கல்வெட்டும் இருக்கின்றன. எழுத்து மங்கிப்போச்சு எண்டு யாரும் உளி எடுத்துப் புதுசாக வெட்டப் போவதில்லை. கல்லுக்குக் கொடுக்கிற இந்த மரியாதையில் கொஞ்சத்தைத் தகரத்துக்கும் கொடுக்கலாம் என்பதுதான் எங்கள் வாதம்.

அப்ப என்ன செய்யலாம்?

வைத்திருக்க விரும்புகிறவர்கள் முதலில் 'கட் அண்ட் பொலிஷ்' பக்கம் போகக் கூடாது. அது பளபளப்பைக் கொடுப்பதே மேல் படலத்தைச் சீவி எடுத்துத்தான். அறுபது வருடப் பழைய பெயின்ட்டில் சீவ மிச்சம் அதிகம் இருக்காது. உப்புக்காற்றுக்குப் பிறகு நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, தேய்ப்புத்தூள் கலக்காத மெழுகை மெல்லிசாகப் பூசினால் போதும். தொடங்க முதல் ஒரு மூலையில் சோதித்துப் பாருங்க. கறளுக்கான பெரிய வேலை வெளியே இல்லை. கதவின் அடி, மட்கார்டின் உள்பக்கம், தரைத்தகரம், இந்த மறைவிடங்களில்தான் அதை நிறுத்த வேண்டும். பிளாஸ்டிக் கவரால் இறுக்கி மூடாதீங்க. வாடைக்காலத்து ஈரத்தை அது உள்ளேயே பிடித்து வைக்கும். நிழலும் காற்றோட்டமும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

பெயின்ட் அடிக்கத்தான் வேண்டும் என்றால் அடியுங்க. கார் உங்கட கார். ஆனால் அதற்கு முதல் நாலு பக்கமும், கூரையும், கதவு இடுக்குகளும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்க. டிக்கி மூடியின் உள்பக்கத்திலோ டாஷ்போர்டுக்குக் கீழேயோ ஒரு கையகல இடத்தைத் தொடாமல் விடச் சொல்லுங்க. பழைய நம்பர் பிளேட்டை எறியாதீங்க. சுரண்டுகிறவர் தண்ணீர் போட்டு நனைத்துத் தேய்க்கட்டும், மாஸ்க் போடட்டும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூள் நெஞ்சுக்குள் போகக் கூடாது.

அப்பப்பா வாங்கின காரா, நேவிக்காரரிடமிருந்து கைமாறினதா, முதலில் என்ன கலர், எந்த வருடம் மாற்றினது, ஏன் மாற்றினது? இதையெல்லாம் தெரிந்த ஆக்கள் இன்னும் எங்கட வீடுகளில் இருக்கிறார்கள். கராஜுக்குப் போன் பண்ணுறதுக்கு முன்னால அவர்களிடம் கேட்டு, ஒரு கொப்பியில் எழுதி வையுங்க.